களவும் கற்க வேண்டுமா?

"களவும் கற்று மற" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்தப் பழமொழியைப் பற்றிப் பண்டிதர்களுக்குள் ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. மூல வாசகம் "களவும் கத்தும் மற" என்பதுதான், கத்து என்றால் பொய், அதையே ஜனங்கள் கற்று என்று மாற்றி விட்டார்கள் என்பது ஒரு கட்சி. வழக்கில் யார் ஜயித்தாலும் சரி, நாவில் நிலைத்திருப்பது கற்று மறக்கச் சொல்லும் வாசகந்தான். அதில் ஒரு நியாயமும் இல்லாமற் போகவில்லை. பூட்டைத் திறக்கும் கள்ள வழிகள் இன்னின்னவை என்று அறியாத ஒருவர் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்தால், அவருடைய பூட்டை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

பழைய நூல்களிலே களவுக்கு ஒரு சாஸ்திர அந்தஸ்தே கொடுத்திருக்கிறார்கள். சூத்திரகரின் மிருச்சகடிக நாடகத்தில் சர்விலகன் என்னும் திருடன், சாருதத்தனுடைய வீட்டுச் சுவரில் கன்னம் வைப்பதற்கு முன்னால், துளையை எந்த வடிவத்தில் அமைத்தால் காலையில் பார்க்கும் ஊரார் மெச்சுவார்கள் என்று யோசிக்கிறான். அளவு கயிற்றை மறந்து வந்து விட்டதால் பூணூலாலேயே அளந்து கொள்கிறான். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனோ, திருடர்களுக்குத் துணையாவன எட்டு என்று காவலர்களுக்குப் பிரசங்கமே செய்கிறான். பிரசங்கியே திருடன் என்பதைக் கேட்டு நின்ற காவலர்கள் அறியவில்லை.

இன்றைக்குச் சுவரும் மாறி விட்டது. கன்னக்கோலும் மாறி விட்டது. பாங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், மின்சாரக் கட்டணம், பரீட்சை மார்க்கு எல்லாம் இணையத் தளங்களுக்குள்ளே குடியேறி விட்ட காலம் இது. ஆகவே கல்லூரிப் பிள்ளைகளில் பலர் இரண்டு வித்தைகளை ஒருங்கே பயில முற்பட்டிருக்கிறார்கள். ஒன்று இணையத் தளம் கட்டும் வித்தை. மற்றது அதைக் கள்வரிடமிருந்து காக்கும் வித்தை; இதற்கு ஸைபர் பாதுகாப்பு என்று பெயர் வழங்குகிறது. பெற்றோர்களுக்கு முதல் வித்தையில் பெருமையும் இரண்டாவது வித்தையில் பயமும் இருப்பதை நாம் கவனித்திருக்கிறோம். "பையன் ஹாக்கிங் படிக்கிறானாம்" என்று ஒரு தாயார் நம்மிடம் சொன்ன குரலில், பையன் சீட்டாட்டத்தில் இறங்கி விட்டான் என்பதற்குரிய கவலை தொனித்தது.

அந்த அம்மையாரின் கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அது இருக்க வேண்டிய இடம் வேறு. இரண்டு வித்தைகள் என்று நாம் சொன்னது பேச்சு வசதிக்காகத்தான். உண்மையில் அவை ஒரே வித்தையின் இரு கைகள். ஆபத்து, கன்னக்கோலைப் பிடிக்கக் கற்பதில் இல்லை. அதை யார் வீட்டுச் சுவரில் வைத்துப் பழகுகிறோம் என்பதில் இருக்கிறது.

ஜமக்காளக் கடை

ஈரோட்டுப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கும் மாணவர் ஒருவரை நாம் அறிவோம். அவர் பெயரோ கல்லூரியின் பெயரோ இங்கே வேண்டியதில்லை. அவருடைய தாய்மாமனுக்குப் பவானியில் ஜமக்காளக் கடை இருக்கிறது. வெளியூர் வாடிக்கைக்காரர்கள் சரக்கைப் பார்த்து ஆர்டர் கொடுப்பதற்கு ஓர் இணையத் தளம் வேண்டும் என்று மாமனுக்கு ஆசை. மருமகன் கம்ப்யூட்டர் படிக்கும்போது வெளியாருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

மருமகன் அப்பொழுது வேறொரு ஆசையில் இருந்தார். "ஆறே வாரத்தில் ஹாக்கர் ஆகலாம்; சான்றிதழ் உண்டு" என்று பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒட்டியிருந்த விளம்பரம் அவர் மனத்தைக் கவர்ந்திருந்தது. நல்ல வேளையாக அதற்குக் கட்ட வேண்டிய தொகை அவரிடம் இல்லை. (சான்றிதழ்களைப் பற்றி நமக்கு விரோதம் ஒன்றுமில்லை. சுவரில் ஆணி அடித்து மாட்டுவதற்கு முன்னால், சுவர் என்ற ஒன்று இருக்க வேண்டும் என்பதே நம் கட்சி.) ஆகவே மாமனுடைய கடையே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

முதலில் மூன்று மொழிகள். ஜமக்காளத்துக்குப் பாவு நூல் எப்படியோ, அப்படி இணையப் பக்கத்துக்கு எச்.டி.எம்.எல்.; எது தலைப்பு, எது படம், எது பத்தி என்று அதுதான் நிறுத்தி வைக்கிறது. வண்ணப் பட்டைகளைப் போன்றது ஸி.எஸ்.எஸ். தறியை இயக்கும் மிதிகட்டையைப் போன்றது ஜாவாஸ்கிரிப்ட். பொத்தானை அழுத்தினால் காரியம் நடப்பது அதனாலே. இவற்றைக் கற்க அவர் காலணா செலவழிக்கவில்லை. ஜினீவாவிலுள்ள ஸெர்ன் என்னும் விஞ்ஞான சாலையில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-ம் வருஷம் இந்த இணைய வலைக்கு யோசனை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30-ந் தேதி அந்த ஸ்தாபனம், காப்புரிமைப் பணம் எதுவும் கேளாமல், உலகத்தார் எவரும் எடுத்துக் கொள்ளலாம் என்று அதைப் பொதுவில் விட்டு விட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் எச்.டி.எம்.எல். எழுத்துக்களை நாமே பிரித்துப் பார்க்கலாம். கைதேர்ந்த நெசவாளி தன் தறிக்குள் எட்டிப் பார்க்க ஊராரை அனுமதிப்பது போன்ற காரியம் இது. உலகெங்கும் எத்தனையோ ஏழை மாணவர்கள் இப்படி எட்டிப் பார்த்தே தொழில் கற்றிருக்கிறார்கள்.

பிறகு பைத்தான் என்னும் மொழி. கணக்குகளைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ். வாடிக்கைக்காரர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே வரும் வாசல். மூன்று மாதத்தில் கடை எழும்பி விட்டது. மாமனுக்குப் பரம சந்தோஷம்.

குமாஸ்தாவுக்கு எழுதிய சீட்டு

விடுதியில் மேல் வகுப்பு மாணவர் ஒருவர் இருந்தார். கடையைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, "தம்பி, பெயர் எழுதும் கட்டத்தில் நான் ஒன்று எழுதிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். அனுமதி கேட்டுத்தான் செய்தார் என்பதைக் கவனியுங்கள். அவர் தட்டியது ஒரு மேற்கோள் குறியும் நாலைந்து எழுத்துக்களுந்தான். மறு விநாடி, வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேருடைய பெயரும் விலாசமும் டெலிபோன் நம்பரும் திரையில் வரிசையாக வந்து நின்றன.

இது எப்படி நடந்தது? டேட்டாபேஸைப் பெரிய பேரேட்டு அறை என்று வைத்துக் கொள்ளுங்கள். அறைக்குள்ளே ஒரு குமாஸ்தா. மகா சுறுசுறுப்பு, ஆனால் சுயபுத்தி என்பது மருந்துக்கும் கிடையாது. சீட்டில் எழுதி வந்ததை எழுத்துப் பிசகாமல் செய்து விடுவார். நம் மாணவர் எழுதிய நிரல், "இன்ன பெயருள்ளவரின் கணக்கை எடுத்து வாரும்" என்ற சீட்டில் பெயருக்குரிய இடத்தை மட்டும் காலியாக விட்டு, வாடிக்கைக்காரர் தட்டியதை அப்படியே அங்கே சேர்த்து எழுதி அனுப்பியது. முருகேசன் என்று தட்டினால் முருகேசன் கணக்கு வரும். "முருகேசன், அல்லது ஒன்றும் ஒன்றும் சமமாயிருந்தால் எல்லோரும்" என்று ஒருவர் தட்டினால்? ஒன்றும் ஒன்றும் என்றைக்கும் சமந்தானே! குமாஸ்தா பேரேடுகள் அவ்வளவையும் தூக்கிக் கொண்டு வந்து விடுகிறார். எஸ்.க்யூ.எல். என்பது அந்தக் குமாஸ்தா அறிந்த பாஷை. ஆகையால் இந்தத் திருட்டுக்கு எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்று பெயர்.

பரிகாரம் மிகச் சுலபம். சீட்டை முதலிலேயே முழுமையாக அச்சடித்துக் குமாஸ்தாவிடம் கொடுத்து விட வேண்டும். பெயரைத் தனியாக ஓர் உறையில் போட்டுத் தர வேண்டும். உறைக்குள் என்ன எழுதியிருந்தாலும் அது வெறும் பெயர்தான், கட்டளை அல்ல என்பது அவருக்குத் தெரிந்து விடும். நிரலில் இரண்டு வரி மாற்றினால் போதும்.

இவ்வளவு சுலபமான பரிகாரம் உள்ள நோய் எப்பொழுதோ ஒழிந்திருக்க வேண்டும் அல்லவா? இந்தத் தந்திரம் 1998-ம் வருஷம் பிராக் என்னும் ஹாக்கர் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதப்பட்டது. பதினேழு வருஷம் கழித்து, 2015 அக்டோபரில், இங்கிலாந்தின் டாக்டாக் என்ற டெலிபோன் கம்பெனியில் இதே வழியாகப் புகுந்து, ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கைக்காரர்களின் விவரங்களைத் தூக்கிக் கொண்டு போனார்கள். முன்பு வாங்கிய வேறொரு கம்பெனியோடு கூட வந்த பழைய இணையப் பக்கங்களே திருடர்களுக்கு வாசலாயின. அப்படி ஒரு வாசல் இருப்பதே கம்பெனியாருக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு நாலு லட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. குற்றத்தை ஒப்புக் கொண்டவர்களில் ஒருவன் பதினேழு வயதுச் சிறுவன். கட்டியவர்களுக்குக் களவு தெரியவில்லை. களவு தெரிந்த பிள்ளைக்கு எதையும் கட்டத் தெரிந்திருக்கவில்லை போலும்.

மஞ்சள் பொடியும் உப்பும்

மேல் வகுப்பு மாணவர் அத்துடன் விடவில்லை. வாடிக்கைக்காரர்களின் பாஸ்வேர்டுகள் பேரேட்டில் உள்ளது உள்ளபடியே எழுதப்பட்டிருந்ததைக் கண்டு தலையில் அடித்துக் கொண்டார். ஒருவர் கடையில் கொடுக்கும் பாஸ்வேர்டையே பாங்கியிலும் கொடுத்து வைத்திருப்பார்; இது மனித சுபாவம். ஜமக்காளக் கடைப் பேரேடு திருட்டுப் போனால் பாங்கிச் சாவியும் கூடவே போகும்.

சரியான முறை எப்படியென்றால், ஈரோட்டுக்காரர்களுக்கு மஞ்சளைக் கொண்டு சொல்லலாம். கிழங்கை அரைத்தால் பொடி. பொடியை எவராலும் மறுபடி கிழங்காக்க முடியாது. பாஸ்வேர்டையும் கணித முறையில் அப்படி அரைத்து, பொடியை மட்டும் பேரேட்டில் வைக்க வேண்டும். வாடிக்கைக்காரர் அடுத்த தடவை வந்து பாஸ்வேர்டு கொடுக்கும்போது அதையும் அரைத்துப் பார்த்து, இரண்டு பொடியும் ஒன்றானால் உள்ளே விட வேண்டும். ஒரே பாஸ்வேர்டை இருவர் வைத்திருந்தால் பொடியும் ஒன்றாகி விடுமே என்பதற்காக, ஒவ்வொருவர் பங்கிலும் வேறு வேறு உப்பைக் கலந்து அரைப்பார்கள். உப்பு என்பது நாம் கட்டிய பெயர் அல்ல. அந்தத் தொழிலிலேயே அதற்கு உப்பு என்றுதான் பெயர்.

உப்புக் கலப்பதைப் பற்றி 1979-ல் கெளரவமான ஒரு கட்டுரை எழுதியவர்கள் இருவர். இருவரும் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்தவர்கள். ஒருவர் கென் தாம்ஸன். மற்றவர் ராபர்ட் மாரிஸ். மாரிஸ் பின்னர் அமெரிக்க சர்க்காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிலையத்தில் தலைமை விஞ்ஞானியானார். அவருக்கு ஒரு பிள்ளை. பிள்ளைக்கும் ராபர்ட் மாரிஸ் என்றே பெயர்.

1988 நவம்பர் 2-ந் தேதி. பிள்ளை அப்பொழுது கார்னெல் சர்வகலாசாலையில் மேற்படிப்பு மாணவர். கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தானாகவே தொற்றிச் செல்லும் ஒரு நிரலை எழுதி, கார்னெலிலிருந்து வந்தது என்று தெரியாதபடி, எம்.ஐ.டி.யிலுள்ள ஒரு யந்திரத்தின் வழியாக வெளியே விட்டார். அதற்கு முக்கியமான நுழைவாயில்கள் மூன்று. இரண்டு, அக்காலத்து நிரல்களில் இருந்த ஓட்டைகள். மூன்றாவது, பாஸ்வேர்டை ஊகிப்பது. 432 சொற்களைக் கொண்ட ஒரு ஜாபிதாவை அது கையோடு எடுத்துச் சென்றது. ஒவ்வொரு சொல்லையும் அரைத்துப் பார்த்து, எந்தப் பொடி பொருந்துகிறது என்று தேடியது. தகப்பனார் கட்டிய மதில் உறுதியாகத்தான் இருந்தது. மதிலுக்குள் இருந்தவர்கள் சாவியை வாசற்படியிலேயே வைத்திருந்தார்கள்.

ஒன்றைத் திருட வேண்டும், அழிக்க வேண்டும் என்று நிரலில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் ஒரு கணக்குப் பிழை செய்து விட்டார். ஒரு யந்திரத்தில் ஏற்கெனவே அது குடியிருந்தால் மறுபடி புகாமலிருக்க ஏற்பாடு உண்டு. "நான் இருக்கிறேன்" என்று யாராவது பொய் சொல்லி ஏமாற்றி விடுவார்களோ என்று அஞ்சி, ஏழில் ஒரு தடவை அந்தப் பதிலை மதியாமலே புகச் சொல்லியிருந்தார். அந்த ஏழில் ஒன்று ராக்ஷஸனாகி விட்டது. ஒவ்வொரு யந்திரத்திலும் பிரதிமேல் பிரதியாகக் குவிந்து, சர்வகலாசாலைகளும் ராணுவ ஆராய்ச்சிச் சாலைகளும் ஸ்தம்பித்தன. பாதிக்கப்பட்டவை ஆறாயிரம் யந்திரங்கள் என்று அந்நாளில் மதிப்பிட்டார்கள். அநாமதேயமாக ஒரு நண்பர் மூலம், இதைத் தடுக்கும் வழி இன்னது என்று செய்தி அனுப்பினார். வழியெல்லாம் அடைத்துக் கிடந்ததால் செய்தி உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை.

1990-ல் தீர்ப்பு வந்தது. மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரப் பொதுத் தொண்டு, 10,050 டாலர் அபராதம். 1986-ம் வருஷத்து அமெரிக்கக் கம்ப்யூட்டர் குற்றச் சட்டத்தின் கீழ் ஜூரியார் குற்றவாளி என்று கூறிய முதல் மனிதர் அவர்தான். இந்தக் களேபரம் நடந்த அதே மாதத்தில், இத்தகைய ஆபத்துக்களில் ஓடி வந்து உதவுவதற்கென்று கார்னெகி மெல்லன் சர்வகலாசாலையில் ஓர் அவசர நிலையம் ஏற்பட்டது. மாரிஸ் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்கலாம். 1995-ல், பால் கிரஹாம் என்ற நண்பரோடு சேர்ந்து, கடைக்காரர்கள் தாங்களே இணையக் கடை அமைத்துக் கொள்ள உதவும் வயாவெப் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். பிற்பாடு எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியரும் ஆனார்.

வாசகர்கள் இதைப் படித்து, "பார்த்தீர்களா, கெட்டதும் நன்மைக்கே" என்று முடிவு கட்டி விட வேண்டாம். தகப்பனார் செல்வாக்கும் நல்ல வக்கீலும் உயர்ந்த சர்வகலாசாலையும் இல்லாத பிள்ளைக்கு இதே கதை இப்படியே முடியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

பத்து லட்சம் சிநேகிதர்கள்

மாரிஸ் காலத்தில் இணைய வலை பிறக்கவே இல்லை. இணையப் பக்கங்களுக்குள்ளேயே நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மைஸ்பேஸ் என்பது அந்நாளில் அமெரிக்க இளைஞர்கள் கூடும் பெரிய சந்தை. அவரவர் பக்கத்தை அவரவர் அலங்கரித்துக் கொள்ளலாம். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் எழுத முடியாதபடி, அந்தச் சொல்லைக் கண்டால் தள்ளி விடும் காவற்காரர் ஒருவரை வைத்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஸாமி கம்கார் என்ற பத்தொன்பது வயது இளைஞர் அந்தச் சொல்லையே இரண்டாக உடைத்து, "ஜாவா" என்பதை ஒரு வரியிலும் "ஸ்கிரிப்ட்" என்பதை அடுத்த வரியிலும் எழுதினார். காவற்காரர் இரண்டு துண்டுகளையும் பார்த்து, "இவர் யாரோ வேறு" என்று விட்டு விட்டார். உள்ளே சென்றதும் பிரௌஸர் இரண்டையும் ஒட்டி ஒன்றாகப் படித்தது!

2005 அக்டோபர் 4-ந் தேதி அதை வெளியே விட்டார். அவர் பக்கத்தைப் பார்த்தவர்கள் தாமறியாமலே அவருக்குச் சிநேகிதர் ஆனார்கள். அவர்கள் பக்கத்திலும் அதே மந்திரம் ஒட்டிக் கொண்டது. அவர்கள் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கும் அப்படியே. இருபது மணி நேரத்துக்குள் பத்து லட்சம் சிநேகிதர்கள்! மைஸ்பேஸ்காரர்கள் கடையையே இழுத்து மூட வேண்டியதாயிற்று. வேடிக்கைக்குச் செய்தேன் என்பது கோர்ட்டில் எடுபடவில்லை. 2007-ல் மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும் 90 நாள் பொதுத் தொண்டும், அவற்றோடு இணையத்தைத் தொடக் கூடாது என்ற தடையும் விதித்தார்கள். இவரும் இன்று பாதுகாப்பு ஆராய்ச்சியில் பேர் பெற்றவர்தான். ஆனாலும் இருபதிலிருந்து இருபத்துமூன்று வரையுள்ள வயதை ஒருவர் பெருமாள் கோயில் உண்டியலில் போட்டு விட்டு மறுபடி எடுத்துக் கொள்ள முடியாது.

கடைசி எண்

இனி நம் மாணவருடைய கதைக்கு வருவோம். ஸெமஸ்டர் முடிவு வெளியான இரவு, கல்லூரித் தளத்தில் தம் மார்க்குப் பக்கத்தைத் திறந்தார். மேலே விலாசக் கட்டத்தில் அவருடைய பதிவு எண் நின்றது. கடை கட்டிப் பழகிய கண் அல்லவா? அந்த எண்ணைக் கண்டதும் அவருக்கு உறுத்தியது. அருகிலிருந்த அறைத் தோழருக்கு அடுத்த எண். "உன் எண்ணைப் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். தோழர் சிரித்துக் கொண்டே தலையசைத்தார். கடைசி எண்ணை மாற்றினார். தோழருடைய மார்க்கு, பிறந்த தேதி, தகப்பனார் பெயர், போட்டோ, எல்லாம் திரையில் வந்தன. தோழரின் சிரிப்பு நின்று விட்டது.

இதற்கு எஸ்.க்யூ.எல். கூடத் தேவையில்லை. வந்திருப்பவர் யார் என்று மட்டும் வாசலில் கேட்டு விட்டு, கேட்கும் ஏட்டைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டா என்று உள்ளே கேட்காமல் விட்ட பிசகு இது. ஓவாஸ்ப் என்னும் தன்னார்வச் சங்கத்தார் இணையத் தளங்களின் முக்கியமான பத்துப் பிசகுகளை அவ்வப்போது வரிசைப்படுத்தி வெளியிடுகிறார்கள். 2017 ஜாபிதாவில் ஐந்தாவதாக இருந்த இந்த இனம், 2021-ல் முதலிடத்துக்கு வந்து விட்டது. கற்றுக் கொடுக்க மிகவும் எளிது. மறந்து போக அதைவிட எளிது.

அறையில் நாலைந்து பேர் கூடி விட்டார்கள். "பத்து வரி பைத்தான் எழுது, விடிவதற்குள் காலேஜ் முழுக்க இறக்கி விடலாம். ஆதாரம் காட்டினால்தான் நம்புவார்கள்" என்றார் ஒருவர். அந்தப் பத்து வரியை நம் மாணவரால் ஐந்து நிமிஷத்தில் எழுதியிருக்க முடியும். அவரது வித்தை அவ்வளவும் அந்தப் பத்து வரியைச் சுற்றித்தான் அந்த இரவு நின்றது. மாரிஸும் கம்காரும் நின்ற இடம் இதுவே.

நம் தேசத்துச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, உடையவரின் அனுமதியின்றிக் கம்ப்யூட்டரில் புகுவதையும் அதிலிருந்து தரவை எடுப்பதையும் நஷ்ட ஈட்டுக்குரியது என்கிறது. அதையே நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால், 66-வது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தோடு ஓட்டை தேடுகிற மாணவனுக்கென்று அங்கே தனிச் சலுகை எதுவும் எழுதி வைக்கவில்லை. தோழர் சம்மதித்தார் என்பது சரி. ஆனால் தளம் தோழருடையதல்ல. ஆகையினால் முதல் எண்ணை மாற்றியதே விளிம்பில் கால் வைத்த காரியம். இரண்டாவது எண் விளிம்புக்கு அப்பால்.

அவர் இரண்டாவது எண்ணைத் தொடவில்லை. பக்கத்தை மூடிவிட்டு ஒரு கடிதம் எழுதினார். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பக்கம், எதை மாற்றினார், யாருடைய சம்மதத்தோடு, எத்தனை ஏடுகளைக் கண்டார், எதையும் சேமித்து வைக்கவில்லை என்ற விவரமெல்லாம் ஒரு பக்கத்தில். தோழரும் கையெழுத்துப் போட்டார். காலையில் துறைத் தலைவரிடம் கொடுத்தார்கள்.

மெச்சிப் பரிசு கொடுத்தார்கள் என்று எழுத நமக்கும் ஆசைதான். நடந்தது வேறு. விசாரணை வைத்தார்கள். "உன்னை யார் அங்கே போகச் சொன்னது?" என்று கேட்டார்கள். செல்போனை இரண்டு நாள் வாங்கி வைத்துக் கொண்டார்கள். ஊரிலிருந்து தகப்பனாரை வரவழைத்தார்கள். சிலம்பு காணாமற் போனதற்குச் சிலம்பு கொண்டு வந்தவனையே பிடிக்கும் வழக்கம் மதுரையோடு முடிந்து விடவில்லை. கடைசியில் டேட்டாபேஸ் பாடம் நடத்தும் அம்மையார் ஒருவர், கடிதத்தை இரண்டு தடவை படித்து விட்டு, "எனக்குக் காட்டுங்கள், ஸார்" என்றார். விசாரணைக் குழுவினர் முன்னிலையில், அவர் மேற்பார்வையிலேயே, அந்த எண் மாற்றப்பட்டது. பிறகு யாரும் மாணவரைப் பார்த்துப் பேசவில்லை; திரையைப் பார்த்தே பேசினார்கள். அன்று மாலையே பக்கம் மூடப்பட்டது. ஒரு வாரத்தில் பழுது சரியாயிற்று.

அந்தப் பத்து வரியை எழுதியிருந்தால் கடிதத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று நாம் யோசித்துப் பார்க்கிறோம். "ஓர் ஏடு கண்டேன்" என்ற வாக்கியந்தான் அவரைக் காப்பாற்றியது. கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2023-ம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க காவல் ஏற்பாடு செய்யத் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. கடிதம் கொண்டு வரும் பிள்ளையைக் கூண்டிலேற்றினால், அடுத்த பிள்ளை கடிதம் கொண்டு வர மாட்டான். ஓட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். உள்ளூரில் சொல்ல வழியில்லாதபோது, 2004 முதல் நடந்து வரும் செர்ட்-இன் என்னும் மத்திய சர்க்கார் நிலையத்துக்கும் இத்தகைய குறைகளை எழுதலாம்.

சாறு பிழியும் கடை

ஓட்டை தேடிப் பழகுவதற்குப் பிறர் வீட்டுச் சுவர் வேண்டியதே இல்லை. ஓவாஸ்ப் சங்கத்தார் ஜூஸ் ஷாப் என்ற பொய்க் கடை ஒன்றைக் கட்டி இலவசமாகக் கொடுக்கிறார்கள். வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்துக் கட்டப்பட்ட கடை! சொந்தக் கம்ப்யூட்டரிலேயே அதை நிறுவிக் கொண்டு, வேண்டிய மட்டும் கன்னம் வைக்கலாம், போலீஸ் வராது. கார்னெகி மெல்லன் சர்வகலாசாலையார் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பிகோ ஸி.டி.எஃப். என்ற பந்தயம் நடத்துகிறார்கள். கேரளத்தில் அமிர்தபுரி மாணவர்களின் பயோஸ் குழுவும் இந்தியப் பிள்ளைகளுக்காக இன் ஸி.டி.எஃப். என்ற பந்தயத்தை நடத்திப் பேர் வாங்கியிருக்கிறது. இவற்றில் பூட்டை உடைத்தால் மார்க்கு உண்டு; உடைத்த விதத்தை எழுதி வெளியிட்டால் மதிப்பும் உண்டு. தன் பிரௌஸரில் ஓட்டை காட்டுவோருக்குப் பரிசு கொடுக்கும் ஏற்பாட்டை 1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனி ஆரம்பித்தது. இன்று பல கம்பெனிகள் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுதி வைத்தே அழைக்கின்றன. அந்த எழுத்தை வரி வரியாகப் படிப்பதும் வித்தையின் ஒரு பகுதிதான்.

நம் மாணவர் இரவில் ஒரு மணி நேரம் ஜூஸ் ஷாப்பில் ஓட்டை தேடுகிறார். மறுநாள் அதே ஓட்டை ஜமக்காளக் கடையில் இருக்கிறதா என்று பார்த்து அடைக்கிறார். இப்படியாக ஆறு மாதத்தில் பதினொரு ஓட்டைகளை அடைத்திருக்கிறார். அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இடது பக்கம் "உடைத்தது", வலது பக்கம் "கட்டியது" என்று இருக்கக் கண்டோம்.

சமீபத்தில் கடையில் புதிதாக ஒன்று செய்திருக்கிறார். 2022-ல் இணைய நியமங்களை வகுப்போர், தளத்தின் ஒரு குறிப்பிட்ட மூலையில் "செக்யூரிட்டி டெக்ஸ்ட்" என்ற சிறு ஏடு வைக்கலாம் என்று முறை வகுத்தார்கள். இந்தத் தளத்தில் யாராவது ஓட்டை கண்டால் இன்ன விலாசத்துக்கு எழுதுங்கள் என்பதுதான் அதிலுள்ள செய்தி. விசாரணைக் கூண்டில் நின்ற அனுபவம் அவருக்கு உண்டல்லவா? முதற் காரியமாக அந்த ஏட்டை எழுதி வைத்து விட்டு, மாமனிடம் விஷயத்தைச் சொன்னார்.

மாமன் சற்று நேரம் யோசித்தார். "ஏன் மாப்பிள்ளை, நம் கடையில் ஓட்டை இருக்கிறது என்று நாமே போர்டு மாட்டுவதா?" என்றார்.

"இல்லை, மாமா. பார்த்தவன் வந்து சொன்னால் அடிக்க மாட்டோம் என்று போர்டு" என்றார் மருமகன்.

மாமன் சம்மதித்தார். ஆனால் அந்த விலாசத்துக்கு வரும் கடிதங்களைத் தாமும் படிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். இதுவரை இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்று, இரட்டைக் கட்டில் அளவில் சிவப்புப் பட்டை ஜமக்காளம் கிடைக்குமா என்று கேட்டு வந்தது. மற்றது, தூத்துக்குடியிலிருந்து பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி எழுதியது. பார்ஸல் வழித்தடம் காட்டும் பக்கத்தில் கடைசி எண்ணை மாற்றினால் அடுத்தவருடைய ஆர்டர் வருகிறதாம். ஒரே ஒரு ஏடுதான் பார்த்ததாகவும், எதையும் சேமித்து வைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாள்.